செடி வளர்ச்சி: இல்லை

தம்பி, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. போன்ல விளையாடறீங்களே, அந்த ஆட்டத்துல செடி வளருமா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். வளராதா? காரு மட்டுந்தான் ஓடுமா? அப்ப நல்லது. நிம்மதியா விளையாடுங்க.

தர்மபுரி தாண்டிட்டோமா? இன்னும் இல்லையா? காலைல ஆறு மணிக்குத் திருச்சில ஏறினேன். இந்த டிரைவர் ஓட்டற லட்சணத்துக்கு நடந்தே வந்திருக்கலாம் போல. எலக்ட்ரானிக் சிட்டில நிறுத்துவானா? கண்டக்டர்கிட்ட மூணு தடவ சொல்லிட்டேன். பாலத்து மேல ஏறிட்டா நடுவுல இறங்க முடியாதாமே. நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு. நீங்க எந்திரிக்கறப்ப நானும் எந்திரிச்சுக்கறேன்.

எம்பேரு வைரக்கண்ணு. புதுக்கோட்டை. அரசாங்கக் கட்டடம் பராமரிக்கிற வேலைல இருந்தேன், ஒர்க் இன்ஸ்பெக்டர். முப்பத்தோரு வருஷம். ரிட்டயர்டு ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. கோர்ட்டு, தாலுகா ஆபீசு, குவார்ட்டர்ஸு, பள்ளிக்கூடம்னு என் கால் படாத மொட்டை மாடி கிடையாது. எனக்கு ஒரே ஒரு எதிரிதான் தம்பி. ஆளு இல்ல, அரசங்கன்னு. காக்கா எச்சத்துல விழுந்து, சன்ஷேடு இடுக்குல விரல் நீளத்துக்கு முளைக்கும். செம்புக் கலர்ல ரெண்டு இலை. பாத்தாப் பாவமா இருக்கும். பாவம் பாத்து விட்டீங்க, ரெண்டு மழைக்குள்ள செங்கல்லப் பிரிச்சுப் போட்டுரும். புடுங்கினாப் போதாது. வேரு உள்ள இருக்கும். நோண்டி எடுத்து, ஆசிட் ஊத்தி, மேல பூசணும். அதுல நான் கெட்டிக்காரன். சும்மா சொல்லல, என் சர்க்கிள்ல ஒரு கட்டடத்துல ஒரு கன்னு காட்ட முடியாது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, என்னப் போயி இப்படியொரு ஆட்டத்துல மாட்டி விட்டுட்டாங்க. அதுக்குத்தான் சொல்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு. நிறைமதி. பெங்களூர்ல ஒரு கம்பெனில கம்ப்யூட்டர்ல படம் வரையற வேலை. எனக்கும் அவளுக்கும் சண்டைன்னு ஒண்ணும் இல்ல. பேச்சு கம்மி. நான் போன எடுத்தா, "சாப்டீங்களாப்பா? அம்மாட்ட குடுங்க." அவ்வளவுதான். நான் அப்படி என்ன கேட்டுட்டேன்? எப்ப எந்திரிச்ச, எங்க போன, யார்கூடப் போன, அந்த முடிய ஏன் வெட்டின, லீவு நாள்ல எதுக்கு வெளிய போற... எந்த அப்பனும் கேக்கறதுதான். கேக்காம இருந்தாத்தான் தப்பு.

போன தீபாவளிக்கு வந்திருந்தா. ஹால்ல லேப்டாப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எட்டிப் பாத்தேன். ஒரு பள்ளிக்கூடம் தம்பி. சுவரு முழுக்கக் கொடி. கூரையப் பிச்சுக்கிட்டு ஒரு மரம் நிக்குது. தார் ரோட்டுல முழங்கால் உசரம் புல்லு.

"எந்த ஊரும்மா இது?"

"எந்த ஊரும் இல்லப்பா. ஆட்டம். ஆளுங்க எல்லாம் போயிட்ட ஊரு."

"பராமரிப்பு யாரு?"

சிரிச்சுட்டா. என்னப் பாத்து அவ சிரிச்சு மூணு வருஷம் இருக்கும். அந்தச் சிரிப்புலதான் மாட்டினேன். பக்கத்துல உக்காந்துட்டேன். அவளும் எந்திரிச்சுப் போகல, சொல்லிக் குடுத்தா. ஊரை ஆரம்பிக்கறப்பவே ஒரு பட்டியல் வருமாம். எத்தனை நாள்ல ரோடு வெடிக்கணும், எத்தனை நாள்ல கொடி ஏறணும், சுவரு எப்ப விழணும், கரண்டு எப்ப நிக்கணும், எல்லாத்தையும் நாமளே வச்சுக்கலாம். வேகமா, மெதுவா, இல்லவே இல்லன்னு. கட்டடம் இடியறதுக்கு நாள் குறிக்க ஒரு பட்டியல்! நான் முப்பத்தோரு வருஷமா எதுக்கு ஏணில ஏறினேன்?

"எல்லாத்தையும் 'இல்லை'ல வச்சிரும்மா"ன்னேன்.

"அப்புறம் பாக்கறதுக்கு என்னப்பா இருக்கு?"

"கட்டடம் பாக்கறதுக்கா? நிக்கறதுக்கு."

அவ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பழைய கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ணி, அதுல ஆட்டத்தை ஏத்தி, காதுல மாட்டற மைக்கும் வாங்கி வச்சுட்டு, "நீங்களும் வாங்கப்பா, எங்ககூட விளையாடுங்க"ன்னா. அவளா கூப்பிட்டா தம்பி. ஏன் கூப்பிடறான்னு நான் யோசிக்கல. பொண்ணு கூப்பிட்டா யோசிப்பாங்களா?

இது என்ன, தோப்பூர் கணவாயா? ஏன் நிக்கறான்? லாரி மக்கர் பண்ணிருச்சா? போச்சு. மணி என்ன? பதினொண்ணரையா? ரெண்டு மணிக்கு வந்துருவேன்னு சொல்லிருக்கேன்.

சரி. ஆட்டத்துல மொத்தம் நாலு பேரு. நான், எம்பொண்ணு, திருநெல்வேலிப் பொண்ணு ரெபேக்கா, அப்புறம் அஃப்சல். ஆம்பூர்க்காரப் பையன். எம்பொண்ணு ஆபீசு. அந்த ஊரு அவன் வீட்டுல இருக்கற ஒரு கம்ப்யூட்டர்லதான் ஓடுது, எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். மொதல் ரெண்டு வாரம் நான் நடக்கப் பழகினேன். பதினோரு தடவை ஆத்துல விழுந்தேன். எம்பொண்ணு ரெண்டாவது தடவையே, "அப்பா, பாத்துப் போக மாட்டீங்களா?"ன்னு கத்தினா. அந்தப் பையன் கத்தல. பதினோரு தடவையும் வந்து தூக்கிவிட்டான். "பரவால்ல அங்கிள், தண்ணி நல்லாருந்துச்சா?"ன்னு கேப்பான்.

மாசி மாசம் முழுக்க நானும் அவனும் மலையிலேருந்து ஊருக்குத் தண்ணிக் குழாய் போட்டோம். தண்ணி தானா ஓடி வரணும், மோட்டார் கிடையாது. நான் சரிவு சொன்னேன். "பத்தடிக்கு ஒரு அங்குலம், சரியா அங்கிள்?"னு திருப்பிச் சொல்லிக் காட்டுவான். என்கிட்ட வேலை பாத்த ஒரு மேஸ்திரிகூட நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னது கிடையாது. எல்லாரும் தலைய ஆட்டிட்டு அவனவன் இஷ்டத்துக்குப் போடுவான். இவன் கேட்டான். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து நிப்பான். சாவகாசமாப் பேசுவான். அவங்கப்பாவுக்குத் தோல் தொழிற்சாலைல வேலை, சின்ன வயசுலயே தவறிட்டாரு, அதெல்லாம் சொன்னான். நானும் எதையெதையோ சொன்னேன். எம்பொண்ணுகிட்ட சொல்லாததெல்லாம் சொன்னேன்.

ஒரு நாளு மைக்குல, "டீ வேணுமா?"ன்னு எம்பொண்ணு குரல். "வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்"னேன். அதுக்கு அந்த ரெபேக்கா சிரிச்சா பாருங்க, ரொம்ப நேரம். என்ன சிரிப்புன்னு எனக்குப் புரியல. இன்னொண்ணு, எம்பொண்ணு மைக்குலயும் குக்கர் விசில் அடிக்கும், அவன் மைக்குலயும் அடிக்கும். ஒரே நேரத்துல. பெங்களூர்ல எல்லாரும் ஒரே நேரத்துல சோறு வடிக்கிறாங்க, டிசிப்ளினான ஊருன்னு நெனச்சுக்கிட்டேன். சிரிக்காதீங்க தம்பி. சுவத்துல ஒரு தட்டுத் தட்டி, உள்ள கெட்டியா பொள்ளான்னு சொல்றவன் நான்.

அந்த ஊர்ல ஆத்தோரமா ஒரு மாடி வீடு இருக்கு. அதுதான் வில்லங்கம். மொதல் நாளே எம்பொண்ணு சொல்லிட்டா, "அப்பா, எதை வேணா பண்ணுங்க, இந்த வீட்டுல மட்டும் கை வைக்காதீங்க." எதுக்குன்னு சொல்லல. கொடி கீழேருந்து ஏறி மாடி ஜன்னலத் தொட்டிருந்துச்சு. வாசப்படி தெரியல. ஞாயித்துக்கெழமை காலைல அவளும் அஃப்சலும் அதுக்கு முன்னாடி போயி நிப்பாங்க, படம் எடுப்பாங்க. புதர் மண்டின வீட்டுல என்ன படம்னு கேட்டேன். "வளந்திருக்குல்லப்பா"ன்னா. அவ்வளவுதான் பதில்.

அவ சின்னப் புள்ளையா இருக்கறப்ப, குவார்ட்டர்ஸ் சுவரோரம் ஒரு சங்குப்பூக் கொடி வச்சிருந்தா. ஸ்கூல்லேருந்து வந்ததும் தண்ணி ஊத்துவா. வேரு அஸ்திவாரத்துக்குள்ள போயிரும்னு அறுத்துப் போட்டேன். ரெண்டு நாளு சாப்பிடல. புள்ளைங்கதானே, அதெல்லாம் மறந்திருப்பா.

எல்லாரும் ஆபீசு போனப்புறம் பகல்ல எனக்கு என்ன வேலை? ஆட்டத்துக்குள்ள போயி அருவாளை எடுத்துக்கிட்டு வெட்ட ஆரம்பிச்சேன். பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்கு, தபாலாபீசு. காலை எட்டு மணிலேருந்து ஒரு மணி வரைக்கும். ஒரே வாரத்துல திரும்ப வந்துரும். வேகத்தை அப்படி வச்சிருக்கா. இந்தப் பக்கம் வெட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனா, இந்தப் பக்கம் முளைச்சு நிக்குது. எனக்குச் சோறு எறங்கல. நிஜ ரோட்டுல நடக்கறப்பவும் பாரபெட் சுவத்தையே பாத்துக்கிட்டு நடக்கறேன். எம்பொண்டாட்டி புஷ்பம், "அத நிறுத்துங்க, மூஞ்சியே மாறிப் போச்சு"ங்கறா. ஒரு நாளு அந்த ஆத்தோரத்து வீட்டு மொட்டை மாடியில பாக்கறேன், கைப்பிடிச் சுவரு இடுக்குல ரெண்டு இலை. செம்புக் கலரு. சத்தியமாச் சொல்றேன், அரசங்கன்னுதான்.

அந்த வாரந்தான் அஃப்சல் எனக்குப் பாஸ்வேர்டு குடுத்திருந்தான். பகல்ல ஆட்டம் நின்னு போச்சுன்னா நான் தவிக்கக் கூடாதாம். "நீங்களே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கோங்க அங்கிள்"னான். அந்தப் பக்கத்தைத் தெறந்தா, அதே பட்டியல். எம்பொண்ணு தீபாவளிக்குக் காட்டின பட்டியல்.

வியாழக்கெழமை. காலைல பத்து மணி இருக்கும். 'செடி வளர்ச்சி'யை இழுத்து 'இல்லை'ல வச்சேன். 'சிதைவு', அதுவும் 'இல்லை'. வளர்ந்ததெல்லாம் அழிஞ்சிரும், நிச்சயமான்னு இங்கிலீஷ்ல கேட்டுது. நிச்சயம். திரும்பவும் கேட்டுது. நிச்சயம்னு சொன்னேன்ல!

தம்பி, திரும்ப உள்ள போயிப் பாத்தேன். ஊரு அப்படியே பளிச்சுன்னு நிக்குது. தார் ரோடு கறுப்பா இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள் பெயிண்டு அடிச்சிருந்திருக்காங்க, அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஒரு விரிசல் இல்ல. நான் தெருத்தெருவா நடந்தேன். கண்ணு கலங்கிருச்சு எனக்கு. என் சர்வீஸ்ல ஒரு கட்டடத்தைக்கூட இப்படி நிறுத்த முடிஞ்சதில்ல. யார்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கெழமை எல்லாரும் வரட்டும், பாக்கட்டும்னு இருந்துட்டேன்.

வந்தாங்க.

"எப்படி?"ன்னேன்.

ரெபேக்காதான், "யாரு பண்ணது?"ன்னா. மெதுவாத்தான் கேட்டா.

எம்பொண்ணு ஆத்தோரமா ஓடறா. பின்னாலயே நானும் ஓடறேன். வீட்டு முன்னாடி நின்னுட்டா. "அப்பா, இதுவும் போயிருச்சா?"

"போகலம்மா. புதுசாயிருச்சு."

"இது எங்க வீடுப்பா."

"எங்கன்னா? நம்ம எல்லாருக்குமா?"

"எனக்கும் அஃப்சலுக்கும்."

ஆட்டத்துல ஆளுக்கொரு வீடு வச்சுக்கறதுதானேன்னு நெனச்சேன். "சரி, ஆட்டத்துல இருக்கட்டும், அதுக்கென்ன"ன்னேன். அவ அழுதுக்கிட்டே சொல்றா, "ஆட்டத்துல இல்லப்பா. கல்யாணத்தைப் பதிவு பண்ணி பத்து மாசம் ஆகுது. அன்னிக்குச் சாயங்காலந்தான் இந்த ஊரை ஆரம்பிச்சோம். வாரம் ஒரு படம். நாப்பத்தோரு படம் எடுத்துட்டோம். வர்ற மே மாசம் வரைக்கும் எடுக்கறதா இருந்தோம். அது வரைக்கும் ஒரு இலையக்கூடத் தொடாம விட்டு வச்சிருந்தோம்."

கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பிப் பாக்கறேன். எம்பொண்டாட்டி வாசக்கால்ல சாஞ்சுக்கிட்டு வெங்காயம் உரிக்கிறா.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"சேலை எடுத்துக் குடுத்ததே நான்தான்." தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு போன மே மாசம் நாலு நாளு போனாளே, அதுதானாம்.

ஆக, ஊருக்கே தெரியும். திருநெல்வேலிக்காரிக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. என்னை எதுக்கு ஆட்டத்துல சேத்தாங்கன்னா, நான் அவன்கிட்டப் பழகணுமாம். பேரைக் கேட்டு முடிவு பண்ணாம, ஆளைப் பாத்து முடிவு பண்ணணுமாம். புஷ்பம் சொல்றா. ஆத்தாளும் மகளுமாச் சேந்து யோசிச்சாங்களாம். இது ஏமாத்து வேலையா இல்லையா, நீங்களே சொல்லுங்க. எங்கிட்ட நேரா வந்து சொல்லிருக்கலாம். சொன்னா நான் என்ன பண்ணிருப்பேன்? கத்திருப்பேன். ஒரு வாரம் கத்திருப்பேன். அதுக்கப்புறம்... சரி, அதுக்கப்புறமும் கத்திருப்பேன். அதுக்காக?

ஓசூர் வந்துருச்சா? அதுக்குள்ளயா? அந்தப் பையை நகட்டாதீங்க தம்பி, இருக்கட்டும், நான் மடியில வச்சுக்கறேன்.

மைக்கைக் கழட்டி வச்சவன்தான், ரெண்டு வாரம் அந்த ரூம் பக்கம் போகல. வீட்டுலயும் பேச்சில்ல. புஷ்பம் சோத்தை வச்சுட்டு அவபாட்டுக்குப் போயிருவா. சாயங்காலம் ஏழு மணியானா எனக்கு இருப்புக் கொள்ளல. சும்மா எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டு வருவேன். திரும்பப் போயிட்டு வருவேன். எதுக்குன்னு எனக்கே தெரியல.

போன திங்கக்கெழமை போன் வருது. அஃப்சல். ஆட்டத்துல இல்ல, நிஜ போன்ல. மொதல் தடவை. நலம் விசாரிச்சான்.

"அங்கிள், குழாய் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த காப்பி ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அதைப் போட்டா அந்த வீடு செடியோட திரும்ப வந்துரும்."

"போட வேண்டியதுதானே? எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"அதுல நம்ம குழாய் இருக்காது அங்கிள். மொத்தமாப் போயிரும்."

"எம்பொண்ணு என்ன சொல்றா?"

"போடச் சொல்லிட்டா. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். நம்ம ரெண்டு பேரும் போட்டது. உங்களைக் கேக்காம எப்படி அங்கிள்?"

போனை வச்சுட்டேன். என்னைக் கேக்கறான் தம்பி. நான் அவனைக் கேட்டேனா? பாஸ்வேர்டை நம்பிக் குடுத்தான்... சரி, விடுங்க, அது வேற விஷயம். கேட்டா மட்டும் எல்லாம் சரியாயிருமா?

நேத்துக் காலைல புஷ்பம் எம்முன்னாடி வந்து நின்னா. "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா? நான் போனாத் திரும்பி வரமாட்டேன்"னா. அதுக்காக நான் கெளம்பல. எனக்கே கேக்க வேண்டியது இருக்கு. பொண்ணுக்கு மெசேஜ் போட்டேன், நாளைக்கு வரேன்னு. "சரிப்பா"ன்னு வந்துச்சு. பாத்து, ரெண்டே ரெண்டு வார்த்தை கேட்டுட்டு, சாயங்கால வண்டியிலயே திரும்பிருவேன். அவன்கிட்ட நான் பேசப் போறதில்ல. அவன் மூஞ்சியையே பாக்கப் போறதில்ல. இதுவரைக்கும் பாத்ததும் கிடையாது. ஆட்டத்துல இருக்கற ஆளுக்கு அவன் மூஞ்சி இருக்காதுல்ல? எப்படி இருப்பான்னே தெரியாது. உசரமா, குட்டையா, ஒண்ணும் தெரியாது.

குழாய் போனாப் போகட்டும். அது ஒரு பெரிய விஷயமே இல்ல. மொதல் தடவை நாங்க ஆத்தைச் சுத்திக் கொண்டு போனோம், அதான் ஒரு மாசம் இழுத்துருச்சு. பள்ளிக்கூடத்துப் பின்பக்கமா இறக்கினா வளைவு பாதி மிச்சம், ரெண்டு பேர் சேந்தாப் பத்து நாள் வேலை. இந்தாங்க, பேப்பர்ல போட்டு வச்சிருக்கேன், பாருங்க. இது மலை. இது தொட்டி. இந்த இடத்துல செடி இருக்கும், அதைத் தொடாம இப்படி வளைச்சுக்கலாம். யாருக்கும் குடுக்கறதுக்கு இல்ல. சும்மா, வீட்டுல உக்காந்திருக்கறப்பப் போட்டது.

பாலம் வந்துருச்சு! யோவ் கண்டக்டர், கீழ போகச் சொல்லுய்யா, கீழ! மேல ஏறிராத! போறானா? கீழதான் போறானா? சரி சரி. தம்பி, நீங்களும் எந்திரிங்க. அந்தப் பேப்பரைக் குடுங்க, மடிக்காதீங்க.

எங்க நிக்கறா... இவ்வளவு கூட்டம். அந்தா! பச்சைச் சுடிதாரு, அதுதான் எம்பொண்ணு. எளைச்சுட்டா. ரொம்ப எளைச்சுட்டா. மதி! இங்க பாரும்மா, இங்க, ஜன்னல்ல! வந்துட்டேன். சாப்டேன், சாப்டேன். இரு, இறங்கறேன். என்ன, நீ மட்டுமா நிக்கற?

எங்கம்மா அவன்?

வரலயா? ஏன் வரல? நான் எதுவும் சொல்லிருவேன்னா? நானா! யாரு சொன்னா அப்படி? காலைல ஆறு மணிலேருந்து உக்காந்து வர்றேன், எதுக்கு வர்றேன்? போனைப் போடு அவனுக்கு. இப்பவே போடு. அங்கிள் வந்து நிக்கறாருன்னு சொல்லு... இருய்யா, இறங்கிட்டுத்தானே இருக்கேன், வயசான மனுஷன்... மதி, போடு போனை. எங்கிட்ட குடு, நான் பேசறேன்.